இரு வேக நீச்சல் தடாகப் பம்பியை டைமர் இல்லாமல் இணைக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் விருந்தினர் விடுதிகளிலும், கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தங்கட்டும் என்று பெருப்பித்துக் கட்டிய வீடுகளிலும் இப்போது நீச்சல் தடாகங்களைக் காணலாம். தடாகம் கட்டுபவர்கள் பெரும்பாலும் ஒற்றை வேகப் பம்பியையே பொருத்திக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சில வருடங்களில் அது பழுதாகி, மின்கட்டணத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தில் இரு வேகப் பம்பி ஒன்றை வாங்கி வந்த பிறகுதான், வழமையான மூன்று கம்பிகளுக்குப் பதிலாக நான்கு கம்பிகளைக் கேட்கும் அந்த மோட்டரை எப்படி இணைப்பது என்ற கேள்வி எழுகிறது. டைமர், தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று எதுவும் இல்லாமல், கையால் திருப்பும் ஒரே ஒரு சுவிச்சைக் கொண்டு இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும். அந்தச் சுவிச்சைச் சரியாகத் தெரிவுசெய்வதில்தான் வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது.

மின்வேலை பழகத் தொடங்கியிருப்பவர்களையும், வேலைக்கு வருபவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அறிய விரும்பும் வீட்டுக்காரர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மின்பலகையிலிருந்து புதிய இணைப்பை எடுப்பதையும் இறுதிச் சோதனைகளையும் தகுதி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரே செய்ய வேண்டும், அல்லது அவர் அருகில் நின்று பார்க்க வேண்டும். கிணற்று மோட்டரில் நேரும் ஒரு சிறு மின்கசிவு கையில் ஒரு உதறலோடு போய்விடக்கூடும். தடாகத்தில் உடம்பு முழுவதும் நனைந்த நிலையில், பெரும்பாலும் குழந்தைகள் இருப்பார்கள் என்பதால் அதே கசிவு உயிரைக் கொண்டுபோய்விடும்.

இரண்டு வேகம் எப்படிக் கிடைக்கிறது

இரு வேக மோட்டரின் உள்ளே பெரும்பாலும் இரண்டு தனித்தனிச் சுருள்கள் இருக்கும். ஒன்று இரண்டு முனைவுகளுக்கும் மற்றது நான்கு முனைவுகளுக்கும் சுற்றப்பட்டிருக்கும். நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் முதலாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2850 சுற்றுகளும், இரண்டாவது அதன் பாதியான 1425 சுற்றுகள் அளவிலும் ஓடும். வேகம் பாதியாகும்போது நீரின் ஓட்டமும் பாதியாகிறது. ஆனால் பம்பிக்கு வேண்டிய வலு வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைவதால், கணக்கின்படி அது எட்டில் ஒரு பங்காக வேண்டும். தாழ்ந்த வேகத்தில் மோட்டரின் வினைத்திறன் குறைந்துவிடுவதால் நடைமுறையில் நான்கில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே மின்சாரம் செலவாகும். அதுவும் நல்ல இலாபந்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் சராசரியாக 1.4 மீற்றர் ஆழமும் உள்ள தடாகத்தில் 70 கனமீற்றர், அதாவது 70,000 லீற்றர் நீர் இருக்கும். உயர் வேகத்தில் மணிக்கு 16 கனமீற்றர் தள்ளி 1.5 கிலோவாற்று எடுக்கும் பம்பி, முழு நீரையும் ஒரு முறை வடிகட்ட ஏறத்தாழ நான்கரை மணித்தியாலத்தில் 6.5 அலகுகளைச் செலவழிக்கும். அதே பம்பி தாழ் வேகத்தில் மணிக்கு 8 கனமீற்றர் தள்ளி 0.35 கிலோவாற்று எடுத்தால், ஒன்பது மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் அதே வேலையை ஏறக்குறைய 3 அலகுகளில் முடித்துவிடும். உங்கள் பம்பியின் இலக்கங்கள் வேறாக இருக்கலாம். விகிதம் இதையொட்டியே வரும்.

இனி மறக்கக் கூடாத விதி ஒன்று. உயர் வேகச் சுருளுக்கும் தாழ் வேகச் சுருளுக்கும் ஒரே நேரத்தில், ஒரு கணப்பொழுதுகூட, மின்சாரம் போகக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுத்து, பிரேக்கர் விழாவிட்டால் மோட்டர் கருகிவிடும். கீழே சொல்லப்படும் எல்லாமே இந்த விதியைக் காப்பதற்கான ஏற்பாடுகள்தான்.

முதலில் தகட்டை வாசியுங்கள்

மோட்டரின் உடம்பில் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் வோல்ற்றளவு, ஹேர்ட்ஸ், இரண்டு வேகங்களுக்குமான அம்பியர் ஆகியவை இருக்கும். அம்பியர் இருக்கும் இடத்தில் சாய்கோட்டின் இரு புறமும் இரண்டு எண்கள் இருந்தால் பெரியது உயர் வேகத்துக்கும் சிறியது தாழ் வேகத்துக்கும் உரியது. நமக்கு வேண்டியது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ், ஒற்றைக் கட்டம்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், நம் ஊருக்கு வரும் இரு வேகப் பம்பிகளில் ஒரு பகுதி கடையில் வாங்கியவை அல்ல. வெளிநாட்டு உறவினர் கப்பலில் போட்டுவிட்டவை. இங்கிலாந்திலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வந்ததென்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை, அங்கேயும் 50 ஹேர்ட்ஸ்தான். கனடாவிலிருந்து வந்ததென்றால் அது 60 ஹேர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. 115 வோல்ற்றுக்கு உரியதாக இருந்தால் நமது மின்சாரத்தைக் கொடுத்தவுடனேயே போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். 230 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் என்று எழுதப்பட்டதுதான் ஆளை ஏமாற்றும். வோல்ற்று ஒத்துப்போகிறதே என்று இணைத்தால் ஓடவும் செய்யும். ஆனால் ஹேர்ட்ஸ் குறைந்ததால் இரும்பு அகணியில் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடி, மோட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி, வெப்பக் காப்பு அடிக்கடி நிறுத்த, சில மாதங்களில் சுருள் எரிந்துவிடும். அந்த மோட்டருக்கு 50 ஹேர்ட்ஸில் பொருத்தமான வோல்ற்றளவு 192 அளவில்தான் இருக்கும். வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஹேர்ட்ஸை மாற்றாது என்பதால் பாயத்தைச் சரிக்கட்டினாலும் வேகமும் நீரோட்டமும் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்தே இருக்கும். தகட்டில் 50/60 என்று இரண்டும் குறிக்கப்பட்டிருந்தால் தாராளமாக இணைக்கலாம். இல்லையென்றால், அந்தப் பம்பியின் உடலை வைத்துக்கொண்டு 50 ஹேர்ட்ஸ் மோட்டர் ஒன்றைத் தேடுவதே மலிவு. அனுப்பியவர் மனம் நோகும் என்பதற்காக ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம்.

அடுத்து மோட்டரின் பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூடியின் உட்புறத்தில் இணைப்பு வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். அதில் மூன்று முனைகள் காட்டப்பட்டிருக்கும்: இரண்டு சுருள்களுக்கும் பொதுவான “கொமன்”, உயர் வேகத்துக்கான “ஹை”, தாழ் வேகத்துக்கான “லோ”. இவற்றோடு பச்சைத் திருகாணியுடன் எர்த் முனை. வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஈரத்தில் அந்தத் தாள் உரிந்துபோகும். சில மோட்டர்களில் வேகம் மாற்றும் சிறு சுவிச் மோட்டரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுக்கு வழமையான மூன்று கம்பி இணைப்பே போதும், மேற்கொண்டு சுவிச் வேண்டியதில்லை. வேறு சில, தாழ் வேகத்தில் போட்டாலும் உயர் வேகச் சுருளில் தொடங்கிப் பிறகு தாமாகவே தாழ் வேகத்துக்கு இறங்கும். உங்களுடையது எந்த வகை என்பதை வரைபடமே சொல்லும், ஊகம் உதவாது.

சுவிச்சைத் தெரிவுசெய்தல்

இரண்டு சாதாரண சுவிச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை உயர் வேகத்துக்கும் மற்றதைத் தாழ் வேகத்துக்கும் விட்டால் என்ன என்று தொடக்கத்தில் பலருக்கும் தோன்றும். செலவு குறைவு, கடையில் உடனே கிடைக்கும். ஆனால் இரண்டையும் ஒருவர் சேர்த்துப் போடுவதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. “ஒன்றைப் போட்டால் மற்றதைப் போடாதே” என்று எழுதி ஒட்டிய தாள் ஒரு மாரிக்குத் தாங்காது. ஆகவே ஒரே பிடியில் மூன்று நிலைகள் உள்ள சேஞ்ச் ஓவர் சுவிச் வேண்டும்: ஒரு புறம் 1, நடுவில் 0, மறு புறம் 2. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக வேண்டுமானால் பூச்சியத்தைக் கடந்தே ஆக வேண்டும் என்பதால் இரண்டு சுருள்களும் சேர்ந்து உயிர்பெற வழியே இல்லை.

ஜெனரேற்றரையும் மின்சார சபை இணைப்பையும் மாற்றுவதற்கு நம் வீடுகளில் பொருத்தும் சுவிச்சும் இதே குடும்பந்தான். கரண்ட் இல்லாமல் ஜெனரேற்றரோடு காலந்தள்ளிய ஊர் என்பதால் இந்தச் சுவிச்சைப் பொருத்தத் தெரியாத மின்னிணைப்பாளர் இங்கே இல்லை என்றே சொல்லலாம். வித்தியாசம், அங்கே இரண்டு வழிகளில் வரும் மின்சாரம் ஒரு வழியாக வீட்டுக்குள் போகிறது. இங்கே ஒரு வழியாக வருவது இரண்டில் ஒன்றுக்குப் போகிறது. ஆகவே சுவிச்சைத் தலைகீழாக இணைக்கிறோம். சுவிச் அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதைப் பெட்டியில் உள்ள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பும் வகைச் சுவிச்சுகள் பெரும்பாலும் இரு திசைக்கும் பொருந்தும்.

வாங்கும்போது மேலே எழுதப்பட்ட அம்பியரை மட்டும் பார்க்காதீர்கள். 20 அம்பியர் என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் ஹீற்றர் போன்ற சுமைகளுக்கு உரிய அளவு. மோட்டர் தொடங்கும்போது ஓடும் நிலையைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதைத் தாங்கும் அளவு “ஏசி-3” என்ற வரியில் தனியாக, குறைந்த எண்ணாக, கொடுக்கப்பட்டிருக்கும். அந்த எண் உங்கள் மோட்டரின் உயர் வேக அம்பியரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த வரியே இல்லாத சுவிச்சை வாங்க வேண்டாம்.

உப்பு நீரிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவி உங்கள் தடாகத்தில் இருந்தால், இரண்டு முனைவுச் சுவிச்சுக்குப் பதிலாக மூன்று முனைவு உள்ளதை இப்போதே வாங்குங்கள் (சுவிச்சில் முனைவு என்பது, ஒரே பிடியோடு சேர்ந்து திரும்பும் தனித்தனி மின்வழி). காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இடமும் கேபிளும்

சுவிச்சும் பம்பியும் தடாகத்தின் விளிம்பிலிருந்து 3.5 மீற்றருக்கு அப்பால் இருக்கட்டும். இலங்கையில் பின்பற்றப்படும் பிரித்தானிய மின்னிணைப்பு விதிகளில், விளிம்பிலிருந்து 2 மீற்றர் வரை ஒரு வலயமாகவும் அதற்கடுத்த 1.5 மீற்றர் இன்னொரு வலயமாகவும் பிரிக்கப்பட்டு, அவற்றுள் வைக்கும் பொருட்களுக்குக் கடும் கட்டுப்பாடுகள் உள்ளன. அந்த எல்லைக்கு வெளியே போய்விட்டால் வேலை எளிதாகிறது. தடாகத்தில் நின்றபடி கையை நீட்டிச் சுவிச்சைத் தொட முடியாது என்பதே இதன் உட்பொருள். பம்பிக்குப் பள்ளம் வெட்டி மூடி போடும் பழக்கமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பள்ளம் நிரம்பி மோட்டர் மூழ்குவதை ஒரு முறை பார்த்தவர் மறுமுறை பள்ளம் வெட்டமாட்டார். நிலமட்டத்துக்கு மேல் ஒரு சீமெந்துத் திட்டும் மேலே ஒரு கூரையும் நல்லது.

மின்பலகையிலிருந்து பம்பிக்கென்று தனி வழி வேண்டும். 8 அம்பியர் அளவில் எடுக்கும் மோட்டருக்கு 16 அம்பியர், சி வகைப் பிரேக்கர் பொருந்தும். அதற்கு, மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் கட்டாயம். வீட்டு ட்ரிப் சுவிச் ஒன்றே போதும் என்று சிலர் விடுவார்கள். பாதுகாப்புக் கணக்கில் அது பிழையில்லை. ஆனால் பம்பியில் ஈரம் ஏறி ட்ரிப் விழும் ஒவ்வொரு தடவையும் குளிர்சாதனப் பெட்டி உட்பட முழு வீடும் இருண்டுபோகும், அந்தத் தொல்லையில் யாராவது ஒருவர் ட்ரிப் சுவிச்சையே ஒதுக்கி இணைத்துவிடுவார். பம்பிக்குத் தனி ட்ரிப் சுவிச் வைப்பது அந்தச் சபலத்தை இல்லாமற் செய்யும்.

கேபிளைப் பொறுத்தவரை, 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி, அதாவது கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்குவது, 30 மீற்றர் தூரம் வரை தாராளமாகப் போதும். 8 அம்பியருக்கு அந்தத் தூரத்தில் 4.3 வோல்ற்று இழக்கும், அது இரண்டு வீதத்துக்கும் குறைவு. தடாகம் வளவின் கோடியில் 60 மீற்றர் தள்ளி இருந்தால் இழப்பு இரட்டித்துவிடும் என்பதால் 4 சதுர மில்லிமீற்றர், அதாவது 7/0.85, போடுங்கள். மாலை நேரங்களில் ஏற்கெனவே வோல்ற்று இறங்கும் ஒழுங்கைகளில் இது இன்னும் முக்கியம். மோட்டர் தொடங்க முடியாமல் முனகுவதற்கு வோல்ற்றுக் குறைவும் ஒரு காரணம். நிலத்துக்கடியில் கொண்டுபோவதானால் கவசமிட்ட கேபிளை ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். வலிகாமத்தில் பல வளவுகளில் அந்த ஆழத்துக்கு முன்பே சுண்ணாம்புக் கல் முட்டும். அங்கே கல்லை உடைத்துக்கொண்டிருக்காமல், மதிலோடு பிவிசி குழாயில் கொண்டுபோவது புத்தி.

சுவிச்சிலிருந்து மோட்டருக்கு நான்கு கம்பிகள் போக வேண்டும்: கொமன், ஹை, லோ, எர்த். கடையில் கிடைக்கும் நான்கு கம்பிக் கேபிள் மூன்று கட்ட மின்சாரத்துக்கென்று நிறமிடப்பட்டது. புதிய முறையில் மண்ணிறம், கறுப்பு, சாம்பல், பச்சை மஞ்சள். பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய முறையில் கறுப்பு நியூட்ரலாகவும் நீலம் உயிர்க்கம்பியாகவும் இருந்தன. புதிய முறையில் நீலம் நியூட்ரல், கறுப்பு உயிர்க்கம்பி. பழைய வீட்டில் புதிய வேலை செய்யும்போது இரண்டும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும். எனவே நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் பெயர் எழுதிய நாடாவை ஒட்டுங்கள்; கொமனுக்கு எடுத்த கம்பியின் இரு முனைகளுக்கும் நீல உறை மாட்டுங்கள். பச்சையை எர்த்தைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது.

மின்சாரத்தை நிறுத்தி உறுதிசெய்தல்

மெயின் சுவிச்சை நிறுத்தி, முடிந்தால் பூட்டுப் போட்டு, திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேற்றரோ சூரிய மின்கலத் தொகுதியோ உள்ள வீடாக இருந்தால் அவற்றையும் நிறுத்த வேண்டும். பிறகு பல்மானியை (மல்ரிமீற்றர்) மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்வதைப் பார்த்து, வேலை செய்யப்போகும் இடத்தில் உயிர்க்கம்பிக்கும் நியூட்ரலுக்கும், உயிர்க்கம்பிக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சோதித்து, மீண்டும் முதல் இடத்தில் வைத்துப் பல்மானி இன்னும் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யுங்கள். சிறு விளக்கு எரியும் டெஸ்டரை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது.

மோட்டர் முன்பே ஓடியதாக இருந்தால் அதன் கப்பாசிற்றரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். திருகாணிச்சாவியால் இரு முனைகளையும் உரசிப் பொறி பறக்க இறக்குவது நம்மிடையே வழக்கம். அது கப்பாசிற்றரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆகாது. 20,000 ஓம் அளவுள்ள, 2 வாற்றுத் தடையொன்றின் கால்களைக் காவலிட்ட குறட்டால் பிடித்து முனைகளுக்குக் குறுக்கே சில விநாடிகள் வைத்தால் மெல்ல இறங்கிவிடும். பிறகு பல்மானியால் பாருங்கள்.

இணைத்தல்

இரண்டு முனைவுச் சுவிச்சில் ஒவ்வொரு முனைவுக்கும் மூன்று திருகாணிகள் உண்டு: நடுப்பொதுத் திருகாணி, 1 இன் திருகாணி, 2 இன் திருகாணி. முதல் முனைவின் பொதுத் திருகாணிக்கு மின்பலகையிலிருந்து வரும் உயிர்க்கம்பியைக் கொடுங்கள். அதே முனைவின் 1 இலிருந்து மோட்டரின் ஹை முனைக்கும், 2 இலிருந்து லோ முனைக்கும் கம்பிகள் போகும். இரண்டாம் முனைவின் பொதுத் திருகாணிக்கு நியூட்ரல். அந்த முனைவின் 1 ஐயும் 2 ஐயும் ஒரு சிறு கம்பியால் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து மோட்டரின் கொமனுக்குக் கொண்டுபோங்கள். இந்த இரண்டு முனைவுகளில் இணைப்புத் துண்டை நியூட்ரல் முனைவில் மட்டுமே போட வேண்டும். தவறுதலாக உயிர் முனைவில் போட்டால் ஹையும் லோவும் ஒன்றாகி, முன்பு சொன்ன விதி முதல் நாளே உடைந்துவிடும். ஆகவே இந்த ஒரு துண்டைப் போட்டபின் பெட்டியை மூடாமல் நின்று, வரைபடத்தோடு மறுபடியும் ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வாறு இணைத்தால் 0 நிலையில் உயிர்க்கம்பி, நியூட்ரல் இரண்டுமே துண்டிக்கப்படும்.

ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னால் வரும் நியூட்ரலை வேறு இணைப்பின் நியூட்ரலோடோ எர்த்தோடோ எங்கும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் காரணம் தெரியாமல் ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கும்.

குளோரின் கருவிக்கு வருவோம். பம்பி நின்றிருக்கும்போது அது வேலை செய்யக் கூடாது, ஏனெனில் ஓட்டமில்லாத நீரில் உண்டாகும் ஐதரசன் வாயு குழாய்க்குள் சேர்ந்து வெடிக்கக்கூடும். எனவே அதற்கான மின்சாரத்தைப் பம்பிச் சுவிச்சுக்குப் பின்னால் எடுக்க வேண்டும். எந்த வேகத்திலும் கருவி ஓடட்டும் என்று நினைத்து ஹை முனையிலிருந்தும் லோ முனையிலிருந்தும் கம்பி எடுத்துக் கருவிக்கு ஒன்றாகக் கொடுத்தால், அந்தக் கம்பி வழியாகவே இரண்டு சுருள்களும் இணைந்துவிடும். சுவிச் சரியாக இருந்தும் மோட்டர் எரிந்த கதைகளுக்குப் பின்னால் இப்படியொரு கம்பி இருக்கலாம். மூன்றாம் முனைவு இதற்குத்தான்: பொதுத் திருகாணிக்கு உயிர்க்கம்பி, 1 ஐயும் 2 ஐயும் இணைத்துக் கருவிக்கு. வேகத்தைக் காட்ட விளக்கு வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மோட்டர்ப் பக்கத்தில் கம்பி நுழையும் துளைக்குக் கேபிள் கிளாண்ட் (கேபிளைப் பிடித்து நீர் புகாமல் அடைக்கும் வளையம்) போட்டு இறுக்குங்கள். கேபிள் மேலிருந்து நேராகத் துளைக்குள் இறங்காமல், ஒரு முறை கீழே வளைந்து பிறகு ஏறி நுழையட்டும். மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். சுவிச்சுப் பெட்டியிலும் பயன்படுத்தாத துளைகளை அடையுங்கள். நம் ஊரில் பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எறும்புப் புற்றும் பல்லி முட்டையுந்தான். இரண்டு திருகாணிகளுக்கு இடையே கருகிக் கிடக்கும் பல்லி, பார்ப்பதற்கு அற்பமானதாக இருந்தாலும், ஹையையும் லோவையும் இணைக்கப் போதுமான பாலம். வல்வெட்டித்துறை, காரைநகர் போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்று செப்பைப் பச்சையாக்கிவிடும் என்பதால் கம்பி முனைகளுக்கு வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் நசுக்கி மாட்டும் உலோகத் தலை) மாட்டுவதும், பிளாஸ்ரிக் பெட்டி வாங்குவதும் நல்லது.

எர்த்

இலங்கையில் வீட்டுக்கு வீடு சொந்த எர்த் கம்பி அடிக்கும் முறையே உள்ளது. இந்த முறையில் கசிவு ஏற்படும்போது மண் வழியாகத் திரும்பும் மின்னோட்டம் பிரேக்கரை விழுத்தப் போதாது. ட்ரிப் சுவிச்தான் காப்பாற்ற வேண்டும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சுக்குக் கணக்கின்படி எர்த்தின் தடை 1667 ஓம் வரை இருக்கலாம் என்றாலும், 200 ஓமுக்கு மேல் போனால் அந்த எர்த்தை நிலையானதாகக் கொள்ள முடியாது. கல் நிலத்தில் நான்கு அடிக் கம்பி இரண்டு அடியில் நின்றுவிடும். மேலே உள்ள செம்மண் ஆடி, ஆவணியில் காய்ந்து தடை ஏறும். ஒரு கம்பியை அறுத்துக் கட்டையாக்காமல், இடைவெளி விட்டு இரண்டு மூன்று கம்பிகளை அடித்து இணையுங்கள். அளவீட்டை மழைக்காலத்தில் எடுத்துத் திருப்திப்படாமல் கோடையிலும் எடுங்கள். ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தான் சுவிச்சின் உள்ளமைப்பை மட்டுமே சோதிக்கிறது, எர்த் நல்லதா என்பதை அது சொல்லாது.

இதைத் தவிர, பம்பியின் உடலில் வெளிப்புறமாக உள்ள இணைப்புத் திருகாணி, தடாகத்தின் இரும்பு ஏணி, கைப்பிடிகள், உலோகக் குழாய்கள், எடுக்க முடிந்தால் கொங்கிறீற்றுக்குள் உள்ள முறுக்குக் கம்பி ஆகிய எல்லாவற்றையும் 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். கசிவு நேர்ந்தாலும் ஏணியைப் பிடித்திருக்கும் கைக்கும் நீரில் இருக்கும் காலுக்கும் இடையே வோல்ற்று வேறுபாடு வராமல் இருப்பதற்காகவே இது. கட்டும்போது செய்யாமல் விடப்பட்டிருந்தால், பம்பி மாற்றும் இந்தச் சமயத்தில் செய்துவிடுங்கள்.

மின்சாரம் கொடுக்குமுன் சோதனை

மோட்டர்க் கம்பிகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, பல்மானியைத் தடையளவுக்குத் திருப்பி, உயிர் முனைவின் பொதுத் திருகாணியில் ஒரு முனையை வையுங்கள். 0 இல் எங்கும் தொடர்பு இருக்கக் கூடாது. 1 இல் ஹை கம்பிக்கு மட்டும், 2 இல் லோ கம்பிக்கு மட்டும் தொடர்பு வர வேண்டும். பிடியை மிக மெதுவாக நகர்த்தியபடி ஹைக்கும் லோவுக்கும் இடையே பாருங்கள். எந்த இடத்திலும் தொடர்பு தென்படக் கூடாது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் வேறெந்தச் சோதனைக்கும் பொருளில்லை. பிறகு மோட்டரை இணைத்து, குளோரின் கருவி போன்ற இலத்திரனியல் பொருட்களைக் கழற்றிவிட்டு, 500 வோல்ற்று மெகரால் (காவலின் தடையை அளக்கும் கருவி) கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையிலான காவலை அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

முதல் ஓட்டம் எப்போதும் உயர் வேகத்தில். வடிகூடையின் மூடியைத் திறந்து நீர் நிரப்பி, ரப்பர் வளையத்தைத் துடைத்து மூடி, வால்வுகள் திறந்திருப்பதைப் பார்த்து, சுவிச்சை 1 க்குத் திருப்புங்கள். நீர் ஏறாமல் வறட்டில் ஓடினால் தண்டின் சீல் கருகிவிடும். ஓட்டம் சீரானதும் கிளாம்ப் மீற்றரால் அம்பியரை அளந்து தகட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு 0 இல் நிறுத்தி, மோட்டர் முற்றாக நின்ற பின் 2 க்குப் போங்கள். வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டருக்குத் தாழ் வேகச் சுருளைக் கொடுத்தால் அது தடுப்புப் போட்டது போல் உதறும். தண்டுக்கும் சுவிச் முனைகளுக்கும் அது நல்லதல்ல. 2 இல் சத்தமும் அம்பியரும் தெளிவாகக் குறைய வேண்டும். 1 இல் மெதுவாகவும் 2 இல் வேகமாகவும் ஓடினால் ஹை, லோ கம்பிகள் மாறிவிட்டன. மின்சாரத்தை நிறுத்தி மாற்றிக்கொள்ளுங்கள். சில மோட்டர்களில் ஓடாத சுருளின் முனையிலும் தூண்டப்பட்ட வோல்ற்று இருக்கக்கூடும் என்பதால், ஓட்டத்தின்போது “அது நிறுத்தின பக்கந்தானே” என்று எந்த முனையையும் தொட வேண்டாம்.

டைமர் இல்லாத நாளாந்தம்

டைமர் இல்லையென்றால் வீட்டில் ஒருவர்தான் டைமர். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்து, காவலுக்கு இருப்பவர் வந்துபோகும் வீடாக இருந்தால் இந்த முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். காசைப் பார்க்காமல் டைமர் வையுங்கள். ஆள் நிரந்தரமாக இருக்கும் வீட்டிலும் விடுதியிலும் இது நன்றாகவே நடக்கும். காலையில் உயர் வேகத்தில் தொடங்கி, மேல் மிதக்கும் இலைகளும் தூசும் வடிகூடைக்குப் போகும்வரை ஓடவிட்டு, பிறகு 0 இல் நிறுத்தித் தாழ் வேகத்துக்கு மாற்றி, மாலை விளக்கு வைக்கும் நேரத்தோடு நிறுத்துங்கள். வெயில் நேரத்தில் குளோரின் வேகமாக அழிவதாலும் பாசி வளர்வதாலும் பகலில் ஓடுவதே பொருத்தம். நேரத்துக்கேற்ற கட்டணமுறையில் இருப்பவர்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகு விலை மிக அதிகம் என்பதால் அந்த நேரத்துக்கு முன் நிறுத்துவது பணத்தையும் காக்கும். அடித்தளத்தை உறிஞ்சித் துப்புரவாக்குவதற்கும், மணல் வடிகட்டியைப் பின்னோட்டத்தில் கழுவுவதற்கும் தாழ் வேகத்தின் தள்ளல் போதாது; அவற்றுக்கு 1 தான்.

கரண்ட் போனால் முதல் வேலை சுவிச்சை 0 க்குத் திருப்புவது. பிடி 1 இலோ 2 இலோ இருந்தால், மின்சாரம் திரும்பும்போது பம்பி தானாகத் தொடங்கும். அந்நேரம் ஒருவர் வடிகூடையைத் திறந்து கைவிட்டுக்கொண்டிருக்கலாம். அடிக்கடி மின்வெட்டு உள்ள இடமென்றால், மின்சாரம் போனதும் விழுந்து, கையால் அழுத்தினால் மட்டுமே மீண்டும் தொடங்கும் மோட்டர் ஸ்ராற்றர் ஒன்றைச் சுவிச்சுக்கு முன்னால் வைப்பது மேல்.

பம்பி முனகிக்கொண்டு தொடங்காமல் நின்றால் உடனே 0 க்குத் திருப்புங்கள். பெரும்பாலும் கப்பாசிற்றர் பலவீனமாகியிருக்கும் அல்லது வோல்ற்று இறங்கியிருக்கும். ஒரு வேகம் ஓடி மற்றது ஓடாவிட்டால் முதலில் சுவிச்சின் அந்தப் பக்கத்து முனையையும் திருகாணியையும் பாருங்கள், மோட்டரைக் கழற்றுவது பிறகு. சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்க்க, மின்சாரத்தை நிறுத்திக் கம்பிகளைக் கழற்றி, கொமனிலிருந்து ஹைக்கும் லோவுக்கும் உள்ள தடையை அளந்து ஒப்பிடலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் ட்ரிப் விழுகிறதென்றால் கேபிள் கிளாண்டையும் மோட்டரின் பின் மூடி ரப்பரையும் மாற்றி, உள்ளே உலர்த்தி, மெகரால் மறுபடி அளந்த பிறகே போடுங்கள்.